காலி மேசைக்கு ஒரு டீ

"அதெல்லாம் கேக்காத தேனு. ரெஜினா மேசையில சுப்சாப், பேசாம, டீய வச்சிட்டு வா."

"அங்கதான் யாருமே இல்லையே, ஷாஹிதாக்கா?"

"இங்க பொண்ணுங்க எல்லாரும் வச்சிருக்கோம். நீயும் வை."

ஹட் பே என்ற தீவுத் துறைமுகத்தில் இருந்த அந்தச் சரக்குக் கப்பல் ஏஜென்சியில் தேன்மொழி புதிதாகச் சேர்ந்திருந்தாள். முதலாளி மீது புகார் கொடுத்தவள் ரெஜினா என்று மட்டும் அவளுக்குத் தெரியும். மெயின்லேண்டுக்குப் போய்விட்டாளா என்று கேட்டால், பெண்கள் குனிந்து வேலை பார்ப்பார்கள். ஆனால் அந்த மேசையில் வைத்த டீ மாலைக்குள் தீர்ந்துவிடும்.

ஒருநாள் முதலாளி தேன்மொழியின் தோளில் கை வைத்தார். மறுநாள் காலையிலேயே அவளும் புகார் கொடுத்தாள்.

அன்று மதியம் ஷாஹிதாதான் டீ கொண்டுவந்தாள். எல்லோரிடமும் பேசிச் சிரித்தபடி வந்தவள், தேன்மொழியிடம் மட்டும் வாய் திறக்கவில்லை. காலி மேசைக்கு வைப்பதுபோலவே கோப்பையை வைத்துவிட்டு நகர்ந்தாள். வேறு யாரும் நிமிரவில்லை.

நிமிர்ந்தது ஒருத்திதான். ரெஜினாவின் மேசையில் உட்கார்ந்து டீயை ஊதி ஆற்றிக்கொண்டிருந்தவள், தேன்மொழியைப் பார்த்து, வா என்பதுபோலத் தலையசைத்தாள்.

தேன்மொழி ஓடிப்போய் ஷாஹிதாவின் துப்பட்டாவைப் பிடித்தாள்.

"அக்கா, ஒரே ஒரு தடவ என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்கக்கா."