சிவப்பு மூடி

எங்கள் பெயிண்ட் தொழிற்சாலையில் சுற்றுச்சூழல் பயிற்சி என்று சொன்னதும் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. மதில் சுவருக்கு அந்தப் பக்கம் கால்வாய், கால்வாயை ஒட்டி எங்கள் வீடு, வீட்டுக்குப் பின்னால் என் புருஷன் தன் கையால் தோண்டிய கிணறு. சிரிக்க எனக்கென்ன கிறுக்கா?

பயிற்சி கொடுத்தவர் எந்நேரமும் பச்சைச் சட்டையில் இருந்ததால் அவருக்குப் பெயரே பச்சைச்சட்டை. டிரம் கழுவும் இடத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குழிகள். கழுவிய தண்ணீரை ஒன்றில் ஊற்றினால் சுத்திகரிப்புத் தொட்டிக்குப் போகும். இன்னொன்று மழைத் தண்ணீருக்கானது, நேரே கால்வாய். அதுவரை எங்களுக்கு இரண்டும் ஒன்றுதான், எது கைக்கு வாகோ அதில் ஊற்றினோம். கிணற்றுத் தண்ணீரில் லேசாக ஒரு நெடி வருமே, அது எங்கிருந்து வந்தது என்று அன்றுதான் புரிந்தது.

இரண்டு குழிகளின் மேலும் இருந்த ஓட்டை போட்ட இரும்பு மூடிகளுக்குப் பச்சைச்சட்டை பெயிண்ட் அடித்தார். கழிவுக்குச் சிவப்பு, மழைக்கு நீலம்.

"ஞாபகத்தை நம்பாதீங்க. யார் சொன்னாலும் கேக்காதீங்க. கலரை மட்டும் பாருங்க," என்று கரடியாய்க் கத்தினார்.

அன்றிலிருந்து கழுவும் இடத்தில் நான்தான் போலீஸ். எவனாவது நீலத்துப் பக்கம் பக்கெட்டைச் சாய்த்தால் அவன் குலத்தையே இழுப்பேன். "அக்கா வந்தாச்சு, கலரைப் பாருங்கடா!" என்று வண்டி ஓட்டும் தம்பி கேலி செய்வான். செய்யட்டும். கொஞ்ச நாளில் கிணற்றில் நெடி போய்விட்டது. "பரவாயில்லையே, உன் பயிற்சி வேலை செய்யுதே," என்றார் என் புருஷன். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பெருமழை ஒன்று பெய்து குழிகளில் சேறு அடைத்தது. வெளியாட்கள் வந்து அள்ளிவிட்டுப் போனார்கள். மறுநாள் வண்டிக்காரத் தம்பி பக்கெட்டோடு தயங்கி நின்றான்.

"அக்கா, சிவப்பு மூடி சுவர் ஓரமா இல்ல இருந்துச்சு?"

"ஞாபகத்தை நம்பாதேன்னு சொல்லியிருக்காங்கல்ல? கலரைப் பாத்து ஊத்து!"

ஊற்றினான். நானும் ஊற்றினேன். எல்லாரும், ஒரு சொட்டு சிந்தாமல், சிவப்பிலேயே ஊற்றினோம்.

அப்புறம் ஒரு காலையில் வாளியை இழுத்தால் தண்ணீர் மேல் வானவில் மாதிரி எண்ணெய்ப் படலம். பெயிண்டில் கலக்கும் தின்னர் நாற்றம் குப்பென்று அடித்தது. வாளியை அப்படியே போட்டுவிட்டுத் தொழிற்சாலைக்கு ஓடினேன்.

பச்சைச்சட்டை மூடிகளைத் தூக்கிக் குழிக்குள் எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"சேறு அள்ள வந்தவங்க மூடியை மாத்தி வச்சிட்டுப் போயிருக்காங்கக்கா. நான் குழிக்கே அடையாளம் போட்டிருக்கணும். மூடிக்குப் போட்டுட்டேன்."

"சரி தம்பி, என் கிணறு எப்ப சரியாகும்?"

"தெரியலக்கா."

"ஒரு வருஷம் ஆகுமா?"

"மண்ணுக்குள்ள இறங்கிடுச்சு. நிஜமாவே தெரியல."

அவரை அடிக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. பாவம், கண் கலங்கி நின்றார். மேலாளரிடம் போனேன். அவர் முழுதும் கேட்டார், உச்சுக் கொட்டினார். "அடுத்த வாரம் எல்லாருக்கும் இன்னொரு பயிற்சி வச்சிடலாம்மா," என்றார். அந்த அறையில் என்னால் அழ மட்டும்தான் முடிந்தது.

வீட்டுக்கு வந்தால் என் புருஷன் கிணற்றடியில் நிற்கிறார். வேலைக்குப் போகவில்லை. எத்தனை வாளி இறைத்துக் கொட்டினாரோ, முற்றமெல்லாம் நாறியது, உள்ளங்கை சிவந்திருந்தது. இறைக்க இறைக்க அதே தண்ணீர்தான் வந்ததாம்.

"எவன்டி ஊத்தினது? பேரைச் சொல்லு. நான் போய்க் கேட்டுட்டு வரேன்."

"விடுங்க."

"எப்படி விடுறது? உனக்குத் தெரியாம அங்க ஒரு சொட்டு ஊத்த முடியாதுன்னு நீதானே சொல்லுவ? யாருன்னு சொல்லு!"

"நான்தாங்க," என்றேன்.

அவர் நம்பவில்லை. யாரையோ காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, மறுபடியும் வாளியைக் கிணற்றுக்குள் இறக்கினார்.