பத்தொன்பதாம் இலக்கம்

காரின் பின்னால் இழுத்துச்செல்லும் வீட்டுவண்டியான அரியரத்தினத்தின் கேரவனுக்குள் ஏறுகிறவர் எவரும் முதலில் காண்பது, கதவோரச் சுவரில் ஒட்டியிருந்த தட்டச்சுத் தாளைத்தான். ‘புறப்படுமுன் சரிபார்க்க வேண்டியவை’ என்பது அதன் தலைப்பு. கீழே முப்பத்திரண்டு இலக்கங்கள். காரோடு பூட்டும் கொளுக்கி, அதன் இரு சங்கிலிகள், பின்விளக்குகள், உபரிச் சில்லு, எரிவாயுக் குழாய், தீயணைப்பானின் திகதி என்று எதுவும் விடுபடாத பட்டியல். மெல்பேர்ணில் பாலங்களின் வரைபடங்களைச் சரிபார்ப்பது அவருடைய உத்தியோகம். பிறர் போட்ட கோட்டில் பிழை கண்டு சம்பளம் வாங்குகிறவர், தாம் போட்ட கோட்டில் பிழை இருக்க விடுவாரா?

பட்டியலின் எட்டாம் இலக்கம் முதலுதவிப் பெட்டி. வெள்ளைத் தகரத்தில் சிவப்புச் சிலுவை வரைந்த அந்தப் பெட்டிக்குள் எது எங்கே இருக்க வேண்டும் என்பதற்கு மூடியின் உட்புறத்தில் ஒரு படமும் வரைந்திருந்தார். கட்டுத்துணி, பஞ்சு, கத்தரிக்கோல், எரிகாயக் களிம்பு, பாம்பு கடித்தால் கட்டுவதற்கான இறப்பர்ப் பட்டை, ஒட்டும் பிளாஸ்டர்ச் சுருள், கடைசியில் ஒரு கைந்நூல். வாங்கி இரண்டு ஆண்டுகளாகியும் அந்தப் பெட்டி ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்டதில்லை.

“உங்கடை ஆஸ்பத்திரியிலை எல்லாச் சாமானும் இருக்கு. வருத்தக்காரர்தான் இன்னும் வந்து சேரேல்லை,” என்று அவருடைய மனைவி பவளம் ஒவ்வொரு பயணத்திலும் சொல்லிச் சிரிப்பாள்.

எழுபத்தாறாம் ஆண்டின் ஈஸ்டர் விடுமுறையில் அவர்கள் ரோஸ்பட் கடற்கரையில் கேரவனை நிறுத்தியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை வந்திறங்கியபோது நன்றாயிருந்த வானம் சனிக்கிழமை காலையில் மூடிக்கொண்டது. மழையோடு தெற்குக் காற்றும் வீசியதால் கூரைத் திறப்பையும் சன்னல்களையும் சாத்திவிட்டு இருவரும் உள்ளேயே இருந்தார்கள். பவளம் வீட்டிலிருந்து கொண்டுவந்த ஆட்டிறைச்சியை எடுத்து வெட்டத் தொடங்கினாள். வெட்டிக்கொண்டிருந்தவள் இடையில் நிறுத்தி, சன்னல் வழியே பக்கத்துக் கேரவனைப் பார்த்தாள்.

அவள் எதை நினைக்கிறாள் என்பது அரியரத்தினத்துக்குத் தெரியும். சனவரி மாதம் வேறோர் ஊரில் தங்கியிருந்தபோது, இவள் நெத்தலிக் கருவாடு பொரித்துக்கொண்டிருந்த நேரம், பக்கத்துக் கேரவன்காரர் வெளியே வந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு, இங்கே யார் டயர் எரிக்கிறார்கள் என்று உரக்கக் கேட்டார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அரியரத்தினமும் பேருக்குச் சிரித்துவைத்தார். பவளம் மட்டும் சட்டியை இறக்கி மூடினாள். மீதி மூன்று நாளும் அடுப்பு மூட்டவில்லை. பாண் ரொட்டியையும் பட்டரையும் மென்றுகொண்டு, தனக்குப் பசியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த மூன்று நாளை அவரால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

“கதவடியிலை கிடக்கிற அந்தச் சல்லடையாலைதான் மணம் வெளியிலை போறது,” என்றாள் பவளம். “அதை ஒருக்கா அடைச்சுவிடுங்கோவன்.”

அவள் காட்டியவை, தரையை ஒட்டிச் சுவரில் பதித்திருந்த இரண்டு காற்றுச் சல்லடைகள். பட்டியலில் அவை பத்தொன்பதாம் இலக்கம்: ‘காற்றுச் சல்லடைகள் திறந்திருத்தல் வேண்டும்.’ அதைத் தட்டச்சு செய்தவர் அவர்தான். முந்தின நாள் புறப்படும்போது குனிந்து பார்த்துச் சரி போட்டவரும் அவர்தான். அப்படியிருந்தும் அவர் தாளைப் பார்க்கவில்லை. பாதி வெட்டிய இறைச்சியின் மேல் அசையாதிருந்த மனைவியின் கையைப் பார்த்தார். இரண்டு மணித்தியாலம்தானே என்று எண்ணினார்.

எதைச் செய்தாலும் ஒழுங்காகச் செய்வதுதான் அவருடைய பழக்கம். துவாய்கள் இரண்டை நான்காக மடித்துச் சல்லடைகளின்மேல் வைத்தார். அவை விழாதிருக்க முதலுதவிப் பெட்டியைத் திறந்து, பிளாஸ்டர்ச் சுருளை எடுத்து, நான்கு ஓரமும் இடைவெளியில்லாமல் ஒட்டினார். சுருள் முடிந்துபோயிற்று. பவளம் அடுப்பை மூட்டினாள்.

பெட்டியை மூடப்போனவருக்குச் சுருள் இருந்த இடத்தின் வெறுமை கண்ணை உறுத்தியது. மூடியின் படத்தில் பிளாஸ்டர் இருக்கிறது, பெட்டியில் இல்லை. மருந்துக்கடையை நண்பகலில் பூட்டிவிடுவார்கள். பிறகு செவ்வாய்க்கிழமைதான் திறப்பார்கள். அதற்கிடையில் யாருக்காவது வெட்டுக்காயம் பட்டால்? கடை கிட்டத்தானே என்று, காரைக் கேரவனிலிருந்து கழற்றாமல், அவர் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டார்.

“இந்த மழைக்கை பிளாஸ்டருக்கே போறியள்?”

“பெட்டி குறையாய்க் கிடக்கு, பவளம்.”

“ஓம், ஓம். போட்டு வாங்கோ. இது முத்தல் இறைச்சி, நீங்கள் வரத்தான் அவியும்.” அவள் அகப்பையால் சட்டியைக் கிளறியபடியே, “நனைஞ்சு காய்ச்சலைக் கொண்டுவந்தால் பெட்டிக்கு நல்ல சந்தோஷம்,” என்றாள்.

கிட்ட இருந்த கடை பூட்டிக் கிடந்தது. அடுத்ததற்கு நடந்தார். போய்வர ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேலாகிவிட்டது.

திரும்பி வந்தபோது சன்னல் கண்ணாடிகள் எல்லாவற்றிலும் ஆவி படிந்திருந்தது. கதவருகே நின்று மோந்து பார்த்தார். மழை மணத்தைத் தவிர வேறு மணமில்லை. வேலை சுத்தமாக நடந்திருக்கிறது என்று ஒரு சிறு பெருமிதம்கூட அவருக்கு உண்டாயிற்று. கதவைத் திறந்து ஏறினார். உள்ளே வெக்கையாயிருந்தது. இறைச்சி கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்பின் சுவாலை நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்து, சட்டியின் அடியைக் கரியாக்கியிருந்தது. பவளம் இருக்கையில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள்.

நித்திரையாக்கும் என்று நினைத்து, ஓசைப்படாமல் பெட்டியைத் திறந்து, புதிய சுருளை அதன் இடத்தில் வைத்தார். பிறகுதான் அவள் கையில் இன்னும் அகப்பை இருப்பதையும், அதிலிருந்த குழம்பு அவளுடைய சேலையில் வடிந்து காய்ந்திருப்பதையும் கண்டார்.

கூப்பிட்டார். தோளைப் பிடித்து உலுக்கினார். தலை ஒரு பக்கம் விழுந்ததே தவிர அவள் விழிக்கவில்லை. மூக்கருகே விரலை வைத்தார். மூச்சு இருந்தது, ஆனால் அது வருவதற்குள் ஒரு யுகம் கழிந்ததுபோலிருந்தது. திறந்திருந்த கதவால் குளிர்காற்று அவள்மேல் வீசுவதைக் கண்டு, போய்க் கதவை இழுத்துச் சாத்தினார்.

பெட்டி அருகிலேயே திறந்திருந்தது. எதை எடுப்பதென்று தெரியவில்லை. காயமில்லை, கட்டுத்துணி எதற்கு? எரிகாயமில்லை, களிம்பு எதற்கு? கைந்நூலைப் புரட்டினார். பாம்புக்கடி, எலும்பு முறிவு, நீரில் மூழ்கல், வெயிலில் மயங்கல். என்ன நடந்ததென்று தெரிந்தவனுக்குத்தான் அந்த நூல் வழிகாட்டும். அவருக்கு அது தெரியவில்லை. எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. நெற்றிப்பொட்டில் யாரோ தட்டுவதுபோல் தலை இடித்தது. பயத்தினால் என்று நினைத்துக்கொண்டு, பஞ்சை நனைத்து அவள் முகத்தைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க ஒன்றும் ஆகவில்லை. கடைசியில், என்ன செய்கிறோம் என்று அறியாமலே, கதவைத் திறந்து மழைக்குள் தலையை நீட்டி, உதவி என்று கத்தினார்.

பக்கத்துக் கேரவனிலிருந்து டொரீன் என்னும் அறுபது வயது மாது செருப்புமில்லாமல் ஓடிவந்தாள். காலையில் பவளம் பார்த்துப் பயந்தது இவளுடைய கேரவனைத்தான். ஏறியதும் அவள் அரியரத்தினத்திடம் ஒன்றும் கேட்கவில்லை. சுவாலையைக் கண்டாள், சன்னல்களைக் கண்டாள், குனிந்து சல்லடைகளைக் கண்டாள். ஒரே எட்டில் அடுப்பை நிறுத்தி, பவளத்தின் கைகளுக்கடியில் தன் கைகளைக் கொடுத்து, காலைப் பிடி என்று அதட்டினாள். இருவருமாக அவளை மழைக்குள் தூக்கிவந்து புல்லின்மேல் ஒருக்களித்துக் கிடத்தினார்கள். டொரீன் மறுபடி உள்ளே போய்ச் சன்னல்களைத் தள்ளித் திறப்பதும், அவர் அத்தனை கவனமாக ஒட்டிய பிளாஸ்டரை ஒரே இழுவையில் உரிப்பதும் கேட்டது.

இறைச்சிக் கறியின் மணம் அந்தக் கடற்கரை முழுவதும் பரந்தது. கேரவன்களிலிருந்து ஆட்கள் இறங்கி வந்தார்கள். ஒருவர் தொலைபேசிக் கூண்டுக்கு ஓடினார், ஒருவர் போர்வை கொண்டுவந்தார், ஒருவர் குடை பிடித்தார். மூக்கைப் பிடித்தவர் எவருமில்லை. அரியரத்தினம் மட்டும் செய்வதற்கு ஒன்றுமில்லாமல், பவளத்தின் ஈரமான பாதத்தைப் பிடித்துக்கொண்டு முழங்காலில் இருந்தார். விடுமுறை நெரிசலைத் தாண்டி அம்புலன்ஸ் வந்துசேர நாற்பது நிமிடமானது. அந்த நாற்பது நிமிடத்தில் அவர் எண்ணக்கூடியதாக இருந்தது அவளுடைய மூச்சை மட்டுந்தான். சில தடவை எண்ணிக்கை பிசகிற்று. அப்போதெல்லாம் அவள் இறந்துவிட்டாள் என்று நினைத்தார்.

மருத்துவமனையில் இளம் மருத்துவர் ஒருவர் விளக்கினார். மூடிய இடத்தில் எரிவாயு அடுப்பு எரிந்தால், வேண்டிய காற்றுக் கிடைக்காமல் நச்சுவாயுவைக் கக்கும். அதற்கு நிறமில்லை, மணமுமில்லை. சல்லடைகள் அதற்காகத்தான் இருக்கின்றன. அவை எப்படி அடைபட்டன என்று மருத்துவர் கேட்டார். அரியரத்தினத்துக்கு ஆங்கிலம் நன்றாக வரும். ஆயினும் சனவரி மாதத்துக் கருவாட்டிலிருந்து தொடங்கி அந்தக் கதையைச் சொல்ல ஒரு சொல்லும் வரவில்லை. “நான்தான்,” என்று மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பவளம் கண் விழித்தாள். பிராணவாயு முகமூடியைக் கழற்றியிருந்தார்கள். அவரைப் பார்த்ததும் எழும்ப முயன்றாள்.

“இஞ்சேருங்கோ, இறைச்சி அவிஞ்சிட்டுதோ?”

“அவிஞ்சிட்டுது.”

“மணம் வெளியிலை போச்சுதோ?”

அவள் பேசிவிட்டாள் என்ற மகிழ்ச்சியில் அவர் உள்ளதைச் சொன்னார். “ஓம், நல்லாப் போச்சுது. ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை, பவளம்.”

அவள் முகம் வாடிப்போயிற்று. “நாளைக்குப் பாணே சாப்பிடுவம்,” என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். நடந்ததையெல்லாம் அவர் மெல்லமெல்லச் சொன்னார். கேட்டு அழுதாள்; அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு கண்ணயர்ந்தாள். கால் மணி நேரத்தில் மறுபடி விழித்து அவரைப் பார்த்தாள்.

“இஞ்சேருங்கோ, இறைச்சி அவிஞ்சிட்டுதோ?”

முன் கேட்டதும் அழுததும் அவளுக்கு நினைவில்லை. மருத்துவரை அழைத்துவந்தார். இப்படிச் சிலருக்கு ஆவதுண்டு என்றார் மருத்துவர். சில நாளில் தெளியலாம், சில மாதமாகலாம், முழுதும் தெளியாமலும் போகலாம். இப்போது எவராலும் எதுவும் கூற முடியாது. தாம் செய்யக்கூடியது என்ன என்று அரியரத்தினம் கேட்டார். ஒரு தாளில் எழுதித் தந்தால் வரிக்கு வரி செய்துவிடுவார் போலிருந்தது அவர் நின்ற நிலை. மருத்துவர் அவருடைய தோளைத் தொட்டு, பக்கத்தில் இருங்கள் என்றார்.

அவர் இருந்தார். நண்பகலுக்குள் அவள் ஆறு தடவை கேட்டுவிட்டாள். மூன்றாம் தடவையிலிருந்து அவர் உள்ளதைச் சொல்வதை விட்டுவிட்டார். ஏழாவது தடவையாக அவளுடைய இமைகள் அசைந்தபோது கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொண்டார்.

“இறைச்சி அவிஞ்சிட்டுதோ?”

“அவிஞ்சிட்டுது.”

“மணம்?”

“வெளியிலை போகேல்லை,” என்றார். “ஒரு துளியும் போகேல்லை.”

“அப்ப நல்லது,” என்றாள் பவளம். காலையிலிருந்து நான்கு தடவை நிம்மதியடைந்தவள், முதல் தடவையைப் போலவே இப்போதும் நிம்மதியடைந்து கண்ணை மூடினாள்.