சஃபர்மோ வீட்டுக் கூரைக்கு மேல் நிற்கும் கல்

ஒன்பது ஆண்டுகளாக ஒரு விண்கல் சஃபர்மோவின் வீட்டுக் கூரைக்கு இரண்டு முழம் மேலே அந்தரத்தில் நிற்கிறது. ஒரு லாரி அளவு இருக்கும். பனிக்காலத்தில் அந்தக் கல்லின் அளவுக்கு மட்டும் கூரையில் பனி விழுவதில்லை.

அதைக் கண்டுபிடித்தவன் மலைமேல் தொலைநோக்கி நிலையத்தில் வேலைபார்க்கும் புர்ஹான். ஒரே வானத்தை இருபது நிமிட இடைவெளியில் எடுத்த நான்கு படங்களைக் காலைத் தேநீரோடு மாற்றி மாற்றிப் பார்ப்பது அவன் வேலை. நட்சத்திரங்கள் நின்றன, ஒரு புள்ளி நகர்ந்தது. தகவல் போனதும் மற்ற நாட்டு நிலையங்களும் அதைப் பின்தொடர்ந்தன. கல் விழக்கூடிய இடத்தைக் குறிக்கும் வட்டம் முதல் நாள் தஜிகிஸ்தானையும் அண்டை நாடுகளையும் மூடியது. ஐந்தாம் நாள் ஒரு மாவட்டம். எட்டாம் நாள் புர்ஹானின் சொந்த ஊர். பத்தாம் நாள் ஒரே ஒரு வீடு. கணக்கு அவ்வளவு துல்லியமாக வராது என்று அவனுக்குத் தெரியும். மூன்று முறை போட்டுப் பார்த்தான். மூன்று முறையும் அதே வீடுதான் வந்தது.

ஊர் காலியானது. சஃபர்மோ மட்டும் நகரவில்லை. ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் புறப்பட்ட அன்று அவள் கணவன் நஸ்ரி ஊர் வழக்கப்படி ஒரு வாய் கடித்துவிட்டுப் போன ரொட்டி சுவரில் தொங்கியது. கடித்தவன் திரும்பி வந்து மிச்சத்தைத் தின்னும்வரை அது இறங்கக் கூடாது, வீடும் பூட்டிக் கிடக்கக் கூடாது.

"அக்கா, நாளைக்கு மத்தியானம் இந்த வீடே இருக்காது. வண்டில ஏறு" என்றான், அவளை அழைத்துப்போக வந்த புர்ஹான்.

"போன வருஷம் வால்நட்சத்திரம் தெரியும்னு ஊரையே அண்ணாந்து நிக்க வச்சவன்தானடா நீ? மேகத்தைப் பாத்துட்டு வந்து படுத்தோம்."

"இது நிச்சயம் வரும்க்கா."

"வரட்டும். நான் எங்கயும் வரல."

மறுநாள் மதியம் வானம் வெளுத்து அதிர்ந்தது. சஃபர்மோ தந்தூர் அடுப்பின் உட்சுவரில் ரொட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். முற்றத்தில் நிழல் விழுந்ததும், முன்பின் தெரியாத ஆண்பிள்ளை யார் வந்தாலும் சொல்வதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பழக்கத்தில் சொன்னாள்: "வீட்டுக்காரர் ஊர்ல இல்ல. அவர் வந்தப்புறம் உள்ள வாங்க."

கல் நின்றது.

அண்ணாந்து பார்த்தவள் அப்படியே உட்கார்ந்தாள். புர்ஹான் தினமும் ஏணி போட்டு இடைவெளியை அளந்தான், மயிரிழை மாறவில்லை. அடுத்த வசந்தத்தில் ஒரு காலை நான்கு விரல் குறைந்திருந்தது. அன்றுதான் நஸ்ரி மாஸ்கோவில் ரயில் ஏறியிருந்தான்.

நான்காம் நாள் பையோடு வாசலுக்கு வந்தவனைச் சஃபர்மோ கைநீட்டி மறித்தாள். கல்லுக்கும் கூரைக்கும் ஒரு சாண்கூட இல்லை.

"என் வீட்டுக்குள்ள நான் வரக்கூடாதா?"

"மேல பாருங்க."

பார்த்தான். பின்வாங்கினான். அவன் பின்வாங்கப் பின்வாங்கக் கல் மேலேறியது. எதிர்வீட்டுச் சுவரில் அவன் முதுகு முட்டியபோது அது பழைய இரண்டு முழத்தில் நின்றது.

அந்த எதிர்வீட்டில் ஓர் அறை எடுத்து நஸ்ரி இன்றும் அங்கேதான் இருக்கிறான். சஃபர்மோ தெருவைக் கடந்து புது ரொட்டியும் சூப்பும் கொண்டுபோகிறாள், சாப்பிட்டு முடியும்வரை உடனிருந்துவிட்டுத் திரும்புகிறாள். அவன் கடித்த ரொட்டி கல்லாக இறுகிச் சுவரில் தொங்குகிறது. நிலையத்தின் பதிவேட்டில், விழும் நாள் என்ற கட்டத்தில் புர்ஹான் எழுதியிருப்பது: வீட்டுக்காரர் வந்தபின்.