கடைசி ஒரு நிமிடம்

நாவல்களைப் பற்றி நான் வாயை மூடிக்கொண்டு இருந்ததே கிடையாது. பார்வையற்றோர் சங்கத்தின் ஒலி நூலகத்தில் புதிய புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்வது என் வேலை. கதை முடிந்ததும், வாசித்தவர் தன் மனதில் பட்டதை ஒரு நிமிடம் பேச வேண்டும் என்பது இங்கே வழக்கம். எந்தப் புண்ணியவான் தொடங்கிவைத்தாரோ தெரியாது. மற்ற வாசிப்பாளர்கள் ‘அருமையான படைப்பு’ என்று முணுமுணுத்துவிட்டுப் பேருந்தைப் பிடிக்க ஓடிவிடுவார்கள். எனக்கு அது வராது.

பரிசு வாங்கிய ஒரு தடித்த நாவல் வந்தது. ஐந்நூறு பக்கமும் எல்லாரும் தத்துவம் பேசுகிறார்கள், ஒருவராவது ஒரு வாய் சாப்பிடவில்லை. பசித்திருந்தால் பேச்சாவது குறைந்திருக்கும் என்று சொன்னேன். இன்னொன்றில் அத்தியாயத்துக்கு ஒரு மழை. கதாநாயகி அழுதால் மழை, கதவைத் திறந்தால் மழை. எழுதியவருக்கு யாராவது ஒரு குடை வாங்கிக் கொடுங்கள் என்றேன். நேயர்கள் கதையை விட்டுவிட்டு இந்த ஒரு நிமிடத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள் என்று சங்கத்தில் சொன்னார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிடித்ததும் உண்டு. பூட்டுக்கடையில் சாவி வெட்டும் ஒரு பெண்ணின் கதை. அவள் வருகிறவர்களின் முகத்தைப் பார்க்க மாட்டாள். பழைய சாவி எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பார்த்தே அந்த வீட்டில் யார் அவசரக்காரர், யார் பயந்தவர் என்று சொல்லிவிடுவாள். வாசிக்கும்போது ஒரு இடத்தில் மேலே போக முடியாமல் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். கடைசி நிமிடத்தில் வாய் நிறையப் புகழ்ந்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

அடுத்த வாரம் ஒரு நேயர் தொலைபேசியில் கூப்பிட்டார். ஓய்வுபெற்ற வங்கிக்காரர், என் ரசிகர்.

“சாவிக் கதையப் பத்தி நீங்க சொன்னது நூத்துக்கு நூறு சரிங்க. கடைசி அத்தியாயத்துல எழுதினவருக்கே அலுத்துப்போச்சு. சட்டுனு முடிச்சிட்டாரு.”

நான் அப்படிச் சொல்லவில்லை. வீட்டுக்குப் போகும் பேருந்தில் நினைத்தேன், அவ்வளவுதான். நல்ல கதைக்கு எதற்குத் திருஷ்டிப்பொட்டு மாதிரி ஒரு குறை என்று விட்டுவிட்டேன்.

ஒலிப்பதிவாளரிடம் போனேன். காதை விட்டு ஹெட்போனைக் கழற்றியே பார்த்ததில்லை என்பதால் அவருக்கு ‘ஹெட்போன் அண்ணன்’ என்று பெயர். அவர் கோப்பைத் திறந்து ஓடவிட்டார். என் புகழ்ச்சி முடிந்தது. கொஞ்சம் அமைதி. அப்புறம் என் குரல் மறுபடி பேசியது. ‘ஆனாலும் கடைசி அத்தியாயத்தில்’ என்று தொடங்கி, நான் பேருந்தில் உட்கார்ந்து என்ன நினைத்தேனோ அதை அப்படியே சொன்னது.

அண்ணன் இரண்டாம் முறையும் அதை ஓடவிட்டுக் கேட்டார். “மேடம், நீங்க ஒவ்வொரு வரிக்கும் முன்னாடி மூச்சு வாங்குவீங்க. அத வெட்டி வெட்டித்தான் என் விரல் தேயுது. இதுல மூச்சே இல்ல.”

“நீங்களே வெட்டியிருப்பீங்க.”

“இத நான் பதிவே பண்ணல மேடம்.”

அந்தத் துண்டை அழித்தார். வேறு வேலை இல்லையா என்று நானும் நகர்ந்துவிட்டேன். ஆனால் அன்றிலிருந்து பதிவு அறையில் மைக்குக்கு முன்னால் உட்காரும்போது எனக்கு முதுகு கூசியது.

அப்போதுதான் என் தங்கையின் நாவல் வந்தது.

எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. எனக்கு அவள், அவளுக்கு நான். மருந்துக்கடையில் பில் போடுகிறாள். வீட்டுக்கு வந்து சமையலறை மேசையில் எழுதுவாள். கல்லூரியில் படிக்கும்போது எழுதிய முதல் கதையைக் காட்டினாள். நான் என் பாணியில் பிரித்து மேய்ந்துவிட்டேன். ஒரு வருடம் அவள் பேனாவையும் தொடவில்லை, என்னோடும் பேசவில்லை. அந்த ஒரு வருடம் வீட்டில் ஃபேன் சத்தம்தான். அதற்குப் பிறகு அவள் எதைக் காட்டினாலும் ‘நல்லா இருக்கு’ என்பதோடு நிறுத்திக்கொள்வேன். ஊருக்கெல்லாம் உண்மை, வீட்டுக்கு மட்டும் பொய். அவளை இன்னொரு முறை இழக்க என்னால் முடியாது.

நாவல் இரண்டு சகோதரிகளைப் பற்றியது. வசனம் அவளுக்குக் கைவந்த கலை. நடுவில் அறுபது பக்கம் இழுவை. மூத்தவளைத் தெய்வமாக்கி வைத்திருந்தாள். ஒரு கோபம், ஒரு பொறாமை, ஒரு அல்பத்தனம் கிடையாது. இவள் பயந்து எழுதியிருக்கிறாள் என்று ஒவ்வொரு பக்கத்திலும் தெரிந்தது. வாசித்துக்கொண்டே, நினைக்கக் கூடாது நினைக்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். நினைப்பை எப்படி நிறுத்துவது?

“இந்தப் புத்தகத்துக்கு ஒரு நிமிஷம் வேண்டாம். கடைசி வரியோட நிறுத்திடுங்க” என்றேன் அண்ணனிடம்.

நிறுத்தினார். மறுநாள் காலையில் கோப்பைத் திறந்தால், கடைசி வரிக்குப் பிறகு அது இருந்தது. ‘தங்கச்சி’ என்று கூப்பிட்டது. என் குரல்தான், ஆனால் நான் அவளை அவ்வளவு மெதுவாகக் கூப்பிட்டதில்லை. மேலே கேட்காமல் அழிக்கச் சொன்னேன். அழித்தார். மூடித் திறந்தார். ‘தங்கச்சி.’ அண்ணன் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்ததை அன்றைக்குத்தான் முதல் முறையாகப் பார்த்தேன்.

எழுதியவர் உள்ளூர்க்காரர் என்றால், வெளியிடுவதற்கு முன் அவர் ஒரு முறை வந்து கேட்டுச் சரி சொல்வது வழக்கம். அவள் அன்று மதியமே வந்துவிட்டாள், விடுப்பு போட்டுக்கொண்டு, நல்ல புடவையில். பதிவு அறைக்குள் உட்கார வைத்து ஹெட்போன் மாட்டினோம். நானும் அண்ணனும் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம். கடைசி அத்தியாயத்தை மட்டும் கேட்கட்டும், கடைசி வரி வந்ததும் நிறுத்திவிடுவது என்று ஏற்பாடு.

கடைசி வரி வந்தது. அண்ணன் நிறுத்தினார். திரையில் ஓடிக்கொண்டிருந்த ஒலிக்கோடு நின்றது.

அவள் ஹெட்போனைக் கழற்றவில்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்து, கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். முகம் சுருங்கியது. பிறகு தலையாட்டினாள். ஒரு இடத்தில் சிரிப்புகூட வந்தது.

நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினேன். “கழட்டு. மிஷின் கோளாறு. அது நான் இல்ல.”

இரு என்று கையைக் காட்டினாள். வெகுநேரம் நின்றேன். அப்புறம் ஒரு பக்கத்தை மட்டும் காதிலிருந்து விலக்கினாள். கண் கலங்கியிருந்தது.

“நடுவுல அறுபது பக்கம் வேஸ்டுன்னு சொல்றா. அக்காவ தெய்வமாக்கி நீ தப்பிச்சுக்கிட்டேன்னு சொல்றா.”

“அப்படியெல்லாம் இல்ல. கத நல்லா இருக்கு.”

“தெரியும்க்கா. நீ அததான் சொல்லுவ.” கோபமே இல்லாமல் சொன்னாள். கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். “முதல் வார்த்தையிலயே தெரிஞ்சுது, இது நீ இல்லன்னு. நீ எங்கிட்ட உண்ம பேசி எத்தன வருஷம் ஆச்சு?”

“நீ மறுபடி எழுதாம போயிடுவியோன்னு பயந்தேன்.”

“அதையும் சொன்னா.”

நாள் தவறாமல் அடுத்தவர் புத்தகத்தைக் கிழித்துத் தொங்கப்போடுகிற வாய், என் ஒரே தங்கைக்கு முன்னால் ஒட்டிக்கொண்டது.

“இன்னும் முடிக்கலக்கா அவ. கொஞ்சம் வெளிய இரு. கதவ சாத்திடு.”

சாத்தினேன். வேறு என்ன செய்ய? அண்ணன் அவள் ஹெட்போனுக்குப் போகும் ஒயரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அதன் முனையை எனக்குக் காட்டினார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் பேசிக்கொண்டிருந்தாள். கேட்டாள், மறுத்தாள், கையை ஆட்டி ஏதோ விளக்கினாள், மறுபடி கேட்டாள். சின்ன வயதில் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் அப்படித்தான் என்னிடம் பேசுவாள். அவள் உதடு ‘அக்கா’ என்று அசைந்தது.

“என்னம்மா” என்றேன், கண்ணாடியில் கையை வைத்து.

அந்த அறைக்குள் வெளியே பேசும் சத்தம் போகாது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.