தவசியின் கோணல் ஊதல்

கீழ்க்கடலின் உப்புக்காற்று பெரியபட்டினத்துப் பனைகளைச் சலசலக்கச் செய்து, நீர் வற்றிய கண்மாய்களைக் கடந்து, உத்தரகோசமங்கைக் கோபுரத்தைத் தழுவி ஓய்ந்த மார்கழி மாலை அது. நாடு விடுதலை பெற்றுச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. வறட்சியோ இம்மண்ணை விடுவதாயில்லை. பகலெல்லாம் ஏற்றம் இறைத்துத் தோள் கழன்ற குழலிசைஞன் மருதுபாண்டி, களத்து வைக்கோற்போரில் சாய்ந்தவண்ணம், குழலோடு திணறும் மைத்துனன் தவசியைச் சலிப்புடன் நோக்கியிருந்தான்.

கற்றறிந்த பெரியீர், மீசை நரைக்கத் தொடங்கியபின் குழல் பயில்வானேன் என்று நகைக்க வேண்டா. பேறுகால நோவில் மனைவி இருளம்மாள் சாவின் விளிம்பில் கிடந்தபோது, திருவாதிரையன்று ஆடவல்லான் திருமுன் குழலூதுவதாக வேண்டிக்கொண்டவன் தவசி. நேர்ந்தவன் மூச்சே நேர்த்திக்கடனைத் தீர்க்கவேண்டும், வேறொருவன் ஊதினால் செல்லாது என்பது அவ்வூர் வழக்கம். விடிந்தால் திருவாதிரை, குழலில் காற்றுச் சீறிற்றேயன்றி இசை பிறக்கவில்லை.

தவசியின் மேலிதழ் நடுவே பிறவியிலேயே ஒரு சதைத்துளி தொங்கிற்று. அதனால் ஊதுகையில் அவன் வாய் இடப்புறம் ஒதுங்கும். மருதுபாண்டி விரலால் அவ்வாயை நடுவிற்குத் தள்ளுவான். ஐப்பசி முதல் இதே இழுபறி! உழவுசால் ஒருவிரல் கோணினும் மாட்டைத் திருப்பி மறுபடி ஓட்டும் உழவனல்லவா அவன்! வளைந்ததெல்லாம் பிழையென்றே கண் பழகியிருந்தது.

“வாயை நடுவுல வையி மாப்ளே. எத்தனை தடவதான் சொல்றது?”

“வச்சுத்தான் ஊதுறேன் மச்சான். காத்து ரெண்டாப் பிரிஞ்சு போகுதே. நாளைக்கு அங்கன போயி வெறுங்காத்தையா ஊதுவேன்?” என்று கேட்டான் தவசி.

இரக்கம் எழவேண்டிய இடத்தில் மருதுபாண்டிக்கு எரிச்சலே எழுந்தது. “எப்படியாச்சும் ஊதித் தொலை” என்று கண்களை மூடிக்கொண்டான். திருத்தக் கையைத் தூக்கவும் வலுவில்லை.

தடுப்பாரற்ற வாய் மெல்ல இடப்புறம் நகர்ந்தது. குழலும் உடன் நகர்ந்தது. அம்மவோ, எழுந்ததே ஓர் ஒலி! தூயதாய், நிறைவாய்க் களம் முழுதும் பரவிற்று. மருதுபாண்டி துணுக்குற்றுக் கண்திறந்தான். சதைத்துளியை விலக்கி, ஓரமாய், காற்று ஒரே இழையாகத் துளைக்குள் இறங்குவதைக் கண்டான். இத்தனை நாளும் இசைக்குக் குறுக்கே நின்றது தன் விரலே என்று விளங்கியபோது அவனுக்கு நாணமாயிருந்தது.

தவசியோ அவன் விழித்ததைக் கண்டு பதறினான். “கோணிப்போச்சு மச்சான், இந்தா நேரா வச்சிடுறேன்” என்று வாயை நடுவிற்கு இழுக்க, ஒலி அறுந்தது.

“வேணாம் மாப்ளே, ஆட்டாத! அங்கனயே வச்சு ஊது. தப்பு எம்மேலதான்.”

மறுநாள் திருமுன் நின்று தவசி ஊதினான். அவன் கோணல் வாயைக் கண்டு சிலர் நகைத்தனர். மகவை மார்போடு அணைத்திருந்த இருளம்மாள், கண்ணீர் வழிய, விழி இமையாது கேட்டு நின்றாள். மருதுபாண்டியோ கைகளை இறுகக் கட்டிக்கொண்டு தூணில் சாய்ந்திருந்தான். உதவி என்னும் பெயரால் அவை இன்னொருமுறை நீளாதிருக்க வேண்டுமே!