இடது ஓரத்து நிழல்

கேமராவைக் கண்ணிலிருந்து இறக்கிவிட்டு, "அக்கா, அந்த ட்யூப்லைட்ட அணைச்சிடுங்க" என்றாள்.

நாத்தனார் திரும்பிய வேகத்தில் கூடத்தில் பேச்சு நின்றது. "உனக்கு இன்னைக்கும் போட்டோதானா? அங்க படுத்திருக்கிறவன் உன் புருஷன்மா."

"தெரியும்க்கா. அவர் கேட்டதுதான்."

சுடுகாட்டு வண்டி மூன்று மணிக்கு வரும். இப்போதே இரண்டேகால். இருபத்திரண்டு வருடங்களாக விபத்து, வெள்ளம், தீ என்று ஊரார் வீட்டுத் துக்கத்தையெல்லாம் பத்திரிகைக்குப் படமெடுத்தவள் அவள். அவர் வெல்டர். நேற்று மாலை பட்டறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நாளெல்லாம் நெருப்புப் பொறியில் கிடந்த கண்ணுக்கு ஃபிளாஷ் ஆகாது. கல்யாண ஆல்பம் தொடங்கி எல்லாப் படத்திலும் கண்ணை மூடிக்கொண்டிருப்பார்.

"நான் போனா நீயே ஒரு படம் எடு. ஃபிளாஷ் மட்டும் போடாத. அன்னைக்காவது கண்ண மூடிட்டேன்னு யாரும் திட்ட மாட்டாங்க" என்பார்.

"வாயக் கழுவுங்க" என்பாள்.

அந்த ஒரு படம்தான் இப்போது வேண்டியிருந்தது. ஆனால் கூடத்துக்கு இருந்த ஒரே வாசலை ஆட்கள் அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

அவள் படமெடுக்கப் போகிற எல்லாத் துக்க வீட்டிலும் இப்படித்தான். உள்ளே வரத் தயக்கம், திரும்பிப் போக மனமில்லை, வாசலிலேயே நின்றுவிடுவார்கள். வெளிச்சம் அவர்கள் முதுகோடு நின்றுவிடும். விடுமுறை நாளில் ஸ்கூட்டரில் அவளைக் கொண்டுவிட வருகிற அவர்தான் அதற்கு வழி செய்வார். அதட்டல் கிடையாது. "அண்ணே, கொஞ்சம் இப்படி வாங்க. அவங்க முகம் தெரியட்டும்" என்று தோளைத் தொட்டு விலக்குவார். மறுபடி யாரும் அடைக்காதபடி தானே கதவோரம் நின்றுகொள்வார்.

அழுகிற முகத்தை அவள் படத்தின் நடுவில் வைக்க மாட்டாள். ஓரத்தில் வைத்து, போய்விட்டவருக்காக மீதி இடத்தைக் காலியாக விடுவாள். அந்தக் காலியிடத்தில் வாசல் வெளிச்சம் வந்து விழும். மகனின் செருப்பை மடியில் வைத்திருந்த தாயின் படத்தைப் பார்த்துவிட்டு, இந்த வெளிச்சத்தை எங்கே பிடித்தீர்கள் என்று எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். காத்திருந்தேன் என்று சொல்லியிருக்கிறாள்.

தரையில், இடது ஓரத்தில், கதவோரம் நிற்கிறவரின் நிழலும் விழுந்திருக்கும்.

"உங்க நிழல் வந்து படத்தையே கெடுக்குது."

"வெளிச்சம் வேணும், ஆள் வேணாம். நல்லாயிருக்கு நியாயம்."

அச்சுக்கு அனுப்பும் முன், அவர் நிழல் விழுந்த ஒவ்வொரு படத்திலும் அந்த ஓரத்தை வெட்டினாள். செருப்புப் படத்திலும்.

பட்டறைக் கூட்டாளி போனை எடுத்துக்கொண்டு அருகில் வந்தார். "இருட்டா இருக்குதுங்களே. டார்ச் அடிக்கட்டுமா?"

"வேணாங்கண்ணே. அவருக்குக் கண்ணு கூசும்."

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. கூட்டாளி போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

நாத்தனார் எழுந்தாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு போய் ட்யூப்லைட்டை அணைத்தாள். அப்படியே வாசலுக்கு நடந்தாள்.

"என்ன மதில் மாதிரி நிக்கிறீங்க எல்லாரும்? இந்தப் பக்கம் வாங்க. என் தம்பி முகம் தெரியட்டும்."

ஆட்கள் விலகினார்கள். வெளிச்சம் தரையில் ஊர்ந்து, கட்டில் காலைத் தொட்டு, வெள்ளைத் துணியில் ஏறி, அவர் தாடையில் பழைய பொறி விழுந்த தழும்பு வரைக்கும் வந்து நின்றது. அவள் கேமராவைத் தூக்கினாள். அவரை வலப்பக்க ஓரத்தில் வைத்தாள். மீதி இடம் வெறும் தரை.

நாத்தனார் கதவைப் பிடித்தபடி அங்கேயே நின்றிருந்தாள். மறுபடி எட்டிப் பார்க்க வந்தவர்களைக் கையால் தடுத்தாள். சட்டென்று நினைவு வந்தவளாகக் குனிந்து தரையைப் பார்த்தாள்.

"என் நிழல் விழுதேம்மா. தள்ளிக்கவா?"

"வேணாம்க்கா. அங்கேயே நில்லுங்க."

நிழல் பாதிதான் தெரிந்தது. அவள் ஓரடி பின்னால் நகர்ந்தாள், அது முழுதாக உள்ளே வரும்வரை.