அரசரின் இடது கன்னம்

எகிப்தில், எங்கள் மித் ரஹீனா கிராமத்தில் எங்கே கடப்பாரை போட்டாலும் பழைய மெம்பிஸ் நகரம்தான் இடறும். அருங்காட்சியகத்தின் மதிலுக்கு அந்தப் பக்கம் கல் அரசர்கள், இந்தப் பக்கம் நாங்களும் எங்கள் எருமைகளும். உடைந்த சிலைகளை ஒட்டிச் சீராக்கும் வேலை விதாத்துக்கு. எங்கள் தெருப் பெண்தான்.

அங்கே தோட்டத்தில் சிவப்பு கிரானைட்டில் ஓர் அரசர் உட்கார்ந்திருந்தார். இடது கண்ணிலிருந்து தாடை வரை முகம் கிடையாது. புது முற்றம் திறக்க ஒரு வாரமே இருந்ததால், கெய்ரோவிலிருந்து வந்த மேலதிகாரி டாக்டர் லபீப், அந்தக் குழியைச் சாந்து வைத்துப் பூசிவிடச் சொன்னார். விதாத்துக்கு மனம் வரவில்லை. மீதி முகத்தில், வலது கன்னத்திலிருந்து மூக்கைத் தாண்டி இரண்டு விரல் அகலத்தில் ஒரு கறுப்பு ரேகை சாய்வாக ஓடி, உடைந்த விளிம்பில் நின்றுபோயிருந்தது. அதே ரேகையை வேறெங்கோ பார்த்த மாதிரி இருந்தது அவளுக்கு. மூன்றாம் நாள் காலை ரொட்டி வாங்க வரிசையில் நிற்கும்போது ஞாபகம் வந்துவிட்டது. உம்மு ஃபிக்ரியின் எருமைக் கொட்டகையில், தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் பதித்த கல்லின் மேல்பக்கத்தில்.

டாக்டரிடம் சொன்னாள். கொட்டகை கொட்டகையாகத் தேடினால் ஊரையே அருங்காட்சியகத்துக்குள் தூக்கி வைக்க வேண்டியதுதான் என்று அவர் சிரித்தார். ஆனாலும் அன்று ஒரு நாள் அவகாசம் கொடுத்து, பதிவு எழுதும் குமாஸ்தாவையும் கூட அனுப்பினார். தூக்குவதற்கு நாங்கள் ஆறு பேர் போனோம்.

உம்மு ஃபிக்ரி கணவனை இழந்தவள், வாய் நீளம். கொட்டகை வாசலிலேயே வழிமறித்தாள்.

"என் மாமனார் காலத்துலயும் மியூசியத்துக்காரங்க ஒரே ஒரு கல்லுன்னுதான் வந்தாங்க. பாதி முற்றத்தைத் தோண்டிப்போட்டு ரெண்டு வருஷம் கயிறு கட்டி வச்சாங்க. நீயும் அவங்க ஆளுதானேடி?"

"அவங்க ஆளுதான் பெரியம்மா. ஆனா கடப்பாரை புடிக்கப்போறது நான். கல்லுக்கு வெளியே ஒரு சாண் தோண்டினாலும் அதாலயே என்னை அடி."

"அடிக்கிறது இருக்கட்டும். அது உங்க ராஜா மூஞ்சி இல்லேன்னா, என் எருமை நிக்க நீயே வேற கல்லு சுமந்து வரணும். அப்புறம், ஒட்டும்போது நான் பக்கத்துல நிப்பேன்."

விதாத் இரண்டுக்கும் சம்மதித்தாள். சொன்னபடியே ஓரமாகத்தான் தோண்டினாள். பேரீச்சங்கட்டையை நெம்புகோலாகக் கொடுத்து நாங்கள் கல்லைப் புரட்டினோம். அடிப்பக்கம் சேறும் சாணமுமாக எதுவும் தெரியவில்லை. விதாத் தொட்டித் தண்ணீரை மொண்டு ஊற்றி உள்ளங்கையால் தேய்த்தாள். முதலில் இமை, பிறகு கண், பிறகு உதட்டின் ஓரம்.

"முப்பது வருஷமா இவரு தலைமேலயா எருமையை நிறுத்தியிருக்கேன்?" என்றாள் உம்மு ஃபிக்ரி, மெதுவாக.

கழுதை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பியபோது தெருவே பின்னால் வந்தது. தோட்டத்துக்குள் உம்மு ஃபிக்ரி மட்டும், பேசியபடி விதாத்தின் பக்கத்தில் நின்றாள். சங்கிலியில் கட்டித் தூக்கி, அரசரின் முகத்தோடு கல்லைச் சேர்த்தோம். சேரவில்லை. ஒரு விரல் இடைவெளி தள்ளி நின்றது. டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு இறக்கச் சொன்னார். விதாத் இறக்க விடவில்லை. கொட்டகைக் கல்லின் உடைந்த விளிம்பை விரலால் தடவிக்கொண்டே போனவள் தாடைக்கு மேலே ஒரு பொந்தில் நிறுத்தினாள். சாணமும் மண்ணும் கல்லாக இறுகிக் கிடந்தன. மரக்குச்சியால் கொஞ்சம் கொஞ்சமாகக் குடைந்து எடுத்தாள். அதுவரை நாங்கள் சங்கிலியை விடாமல் இழுத்துப் பிடித்திருந்தோம்.

மறுபடி சேர்த்தோம். மெல்லிய ஒரு சத்தம், பூட்டு விழுகிற மாதிரி. கறுப்பு ரேகை மூக்கிலிருந்து இடது கன்னத்துக்கு அறுபடாமல் ஓடியது. டாக்டர் லபீப் கிட்டே வந்து இணைப்பில் நகத்தை நுழைத்துப் பார்த்தார். நுழையவில்லை.

"அந்தச் சாந்து வாளியைத் தூக்கிட்டுப் போங்க," என்றார். பிறகு விதாத்தின் பக்கம் திரும்பினார். "நீ ஜெயிச்சிட்டேம்மா. கண்டுபிடிச்சவங்கன்னு அறிக்கையில உன் பேரும் இந்த அம்மா பேரும் வரணும். நீயே எழுது."

முதல் குலவை உம்மு ஃபிக்ரியினுடையது. வெளியே நின்ற பெண்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். மதிலை ஒட்டியே வாழ்ந்தும் உள்ளே கால் வைக்காதவர்கள் பாதிப் பேர். டாக்டர் சொல்லி வாசற்கதவை அகலத் திறந்துவிட்டார்கள். பிள்ளை குட்டிகளோடு எல்லாரும் உள்ளே வந்தார்கள். விதாத் சேறு காயாத கைகளோடு நடுவில் நின்று, இரண்டு கண்ணாலும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்த அரசரை ஒவ்வொருவருக்கும் காட்டினாள்.